ஆறு சில்லும் நாலு தேசிக்காயும்

கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து என் மனுசனிடம் நான் கேட்டது ஒரு தையல் மெசின். அவர் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு மோட்டர் ஹோம். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் வைத்துக் கட்டிய, பஸ் அளவு வண்டி. எழுபதுகளின் தொடக்கத்தில் செய்தது. அஜக்ஸ் பக்கம் ஒரு கிழவரின் வளவில் புல்லுக்குள் புதைந்து கிடந்ததை இழுத்துக்கொண்டு வந்து, ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் டிரைவேயில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் டிரைவே தெருவைப் பார்க்கச் சரிந்து இறங்கும். வண்டியின் மூக்கும் தெருவைப் பார்த்தபடி நின்றது. நான் போய்க் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து ஒரு றக்கூன், பெரிய பூனை அளவு மிருகம், அவசரம் ஒன்றும் இல்லாமல், படி இறங்கிப் போனது.

“குடியிருந்த ஆள் போயிட்டார். இனி நீங்கள் போய் இருங்கோ” என்றேன்.

அவர் சிரித்தார். எதற்கும் சிரிப்பார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஆத்திரம் வரும். யாழ்ப்பாணத்தில் லொறி திருத்திய கை. இங்கே கெனடி ரோட்டுப் பக்கம் ஒரு கராஜில் வேலை. வேலை முடிந்து வந்தால் மனுசர் மாதிரிச் சோபாவில் இருப்பதில்லை. நேரே வண்டிக்குக் கீழே போய்ப் படுப்பார். முதல் நாள் அப்படிக் கீழே போய்விட்டு வந்து, முகமெல்லாம் துருவோடு சொன்னார்:

“எஞ்சின் தங்கம் மாதிரி இருக்கு. கீழைதான் ஒண்டும் சரியில்லை. அக்சில் போயிட்டுது, சில்லுப் போயிட்டுது, பிரேக் இல்லவே இல்லை.”

“தலை நல்லாயிருக்கு, கால்தான் ஊனம் எண்டு சொல்லுங்கோ.”

அதற்கும் சிரித்தார்.

அந்தக் குப்பையை ஏன் வாங்கினார் என்றால், ஒரு சின்னப் பிள்ளையின் வாய்க்காக. மொன்றியலில் இவருடைய தங்கச்சி, என் மச்சாள், இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு மகள். பத்து வயதில் எங்களிடம் வந்து நின்றபோது 401 நெடுஞ்சாலையில் போன ஒரு மோட்டர் ஹோமைப் பார்த்துவிட்டு, “மாமா, என்ர சாமத்தியவீட்டுக்கு என்னை உப்பிடி ஒண்டிலை கூட்டிக்கொண்டு போவீங்களா?” என்று கேட்டுவிட்டாள். எங்கள் சனத்துக்கு அப்போதுதான் அந்த விசர் தொடங்கியிருந்தது. பூப்பெய்திப் பெரியபிள்ளையான பெட்டையை மண்டபத்துக்குக் கொண்டுவந்து இறக்குவதில் போட்டி. ஒருத்தி குதிரை வண்டியில் வந்தாள், ஒருத்தி நீட்டுக் காரில் வந்தாள். பிள்ளை இல்லாத இந்த மனுசர் அந்தக் கேள்வியை நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டார். மச்சாளும் போனில், “சின்னண்ணை, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறதும் நீங்கள்தான், தாய்மாமனா நிண்டு தேங்காய் உடைக்கிறதும் நீங்கள்தான்” என்று சொல்லிவிட்டாள். தன் வாழ்நாளில் ஒருவரும் இவரை எதற்கும் முன்னுக்கு நில் என்று சொன்னதில்லை. பிறகு என்ன, வானத்தில் மிதந்தார்.

அப்படி ஒருவரும் சொல்லாததற்குக் காரணம் இவருடைய தமையன். மிசிசாகாவில் பெரிய வீடு, விமான நிலையத்தில் சுப்பர்வைசர் வேலை. நெற்றியில் வீபூதியும் சட்டைப்பையில் பஞ்சாங்கமும் இல்லாமல் வெளியே காலடி வைக்காத மனிதர். இவரைக் கனடாவுக்கு எடுத்துவிட்டவர் அவர்தான். அந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே இவரைச் சாகும்வரை குனியவைக்கலாம் என்று கண்டுபிடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, சப்பாத்துக் காலால் வண்டியின் சில்லைத் தட்டுவார்.

“டேய், கனடா வந்தும் உனக்கு லொறிக்குக் கீழைதானே படுக்கை! உது மொன்றியல் போய்ச் சேருமெண்டா நான் பாதி மீசையை வழிக்கிறன்.”

அவர் மனைவி சிரிப்பாள். பக்கத்து வீட்டு அன்ரி சிரிப்பாள். இவரும் சேர்ந்து சிரிப்பார். தமையனுக்கு நல்ல அடர்த்தியான மீசை. சவரக்கத்தி பிடித்து நானே வழித்துவிட வேண்டும் என்று பல நாள் ஆசைப்பட்டிருக்கிறேன்.

முதல் கோடை சில்லோடு போனது. அந்த வண்டியில் இருந்தவை ஒரு பழைய வகை றிம். ஒரே துண்டாக இராது. ஒரு வளையத்தைப் பூட்டித்தான் ரயரை நிறுத்தவேண்டும். காற்று அடிக்கும்போது வளையம் சரியாக இறுகாவிட்டால் தெறித்து வந்து, குனிந்து நிற்கிறவன் தலையைக் கொண்டுபோகும். ஒரு சில்லைக் கழற்றிக் காரில் போட்டுக்கொண்டு ரயர் கடை கடையாகத் திரிந்தார். ஒருவரும் தொடமாட்டோம் என்றார்கள். ஒரு கடையில் நானும் கூட நின்றேன். கடைக்காரன் றிம்மைக் கண்டதும் இரண்டடி பின்னுக்குப் போனான். “விதவையாக்கி என்று இதற்குத்தான் பேர்” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, மன்னிக்க வேணும் அம்மா என்றான்.

“என்னவாம்?” என்று இவரைக் கேட்டேன்.

“நல்ல பலமான றிம்மாம். இப்ப உப்பிடிச் செய்யிறேல்லையாம்.”

எனக்கு ஆங்கிலம் விளங்காது என்பது அவருடைய நம்பிக்கை. நான் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பெல்ட்டின் இரண்டு பக்கமும் யாழ்ப்பாணம்தான். ஆனால் வேலை இல்லாத பகலில் ரீவியில் ஆங்கில நாடகம் பார்த்துப் பார்த்தே எனக்குக் காது திறந்துவிட்டது. அதை நான் வெளியில் காட்டவில்லை. காட்டினால் பாங்குக்கும் போன் கொம்பனிக்கும் நான்தான் கதைக்க வேண்டிவரும். காரில் வரும்போது அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கு அவரில் எனக்கு இருந்த கோபத்துக்கு, அது அவ்வளவு மோசமான பெயராகத் தெரியவில்லை.

கடைசியில் பழைய றிம் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு ஒரே துண்டாய் வார்த்த றிம்கள் போட்டார். முன்னுக்கு இரண்டு, பின்னுக்குச் சோடி சோடியாய் நாலு. புது றிம் பழைய அக்சிலில் ஏறாது என்று தெரிந்தது. இரண்டாவது கோடை முழுக்க அக்சில். பழைய இரும்புக்கடையில் அடிபட்டுக் கிடந்த, பாரம் ஏற்றும் வான் ஒன்றிலிருந்து முன் அக்சிலையும் பின் அக்சிலையும் எடுத்தார். முன்னுக்கு டிஸ்க் பிரேக், பின்னுக்குப் பெரிய டிரம். பழைய ஆணிகள் பனிக்கால ரோட்டு உப்பில் துருவேறி அசையமாட்டேன் என்றன. நெருப்புப் பிடித்து, எண்ணெய் விட்டு, சம்மட்டியால் அடித்தார். தட்டுகிற சத்தத்தில் என் தலை பிளந்தது. நான் யன்னலைத் திறந்து திட்டுவேன், சத்தம் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு மெதுவாகத் தொடங்கும். மெதுவாகத் தட்டுவது இன்னும் மோசம்.

ஆனால் ஒன்று சொல்லத்தான் வேண்டும். மூன்றாவது கோடையில் அந்த வண்டி நிமிர்ந்து நின்றது. வெள்ளையடித்து, யன்னலுக்குச் சீலை போட்டு, ஆறு சில்லும் ஒரே அளவாய் மினுங்க நின்றபோது, போகிற வெள்ளைக்காரர் நின்று பார்த்துக் கைகாட்டினார்கள். அவருக்குத் தெரியாமல் நானும் ஒருக்கால் உள்ளே போய்க் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். நல்லாகத்தான் இருந்தது. அவருக்கு நான் அதைச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் மொன்றியலிலிருந்து செய்தி வந்தது, பெட்டை பெரியபிள்ளையாகிவிட்டாள் என்று. மண்டபம் எடுத்து நாளும் வைத்துவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது பிரேக்கில் ஒரு வேலை மட்டும். குழாய்கள் எல்லாம் புதிதாக இழுத்து எண்ணெய் விட்டாயிற்று. குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியே எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் பெடலை அமத்தும்போது காற்றுத்தான் நசியும், பிரேக் பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து பெடலை அமத்திப் பிடிக்க, மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு சில்லிலும் ஒரு சின்னத் திருகாணியைத் திறந்து காற்றை விட்டுப் பூட்டவேண்டும். கீழே இருப்பவர் பூட்டிவிட்டுச் சொல்லும்வரை மேலே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

“நான் அமத்தும் எண்டா அமத்தும். பிடியும் எண்டா பிடியும். விடும் எண்டு சொன்னாப் பிறகுதான் விடவேணும். விளங்குதே?” என்றார் ஞாயிற்றுக்கிழமை காலையில்.

“எனக்கு என்ன, மூளை இல்லையே?” என்று சொல்லிக்கொண்டு நான் ஏறிச் சாரதி ஆசனத்தில் இருந்தேன். காலைப் பெடலில் வைத்ததுதான், தமையனின் கார் வந்து நின்றது. கையில் ஒரு பை. பைக்குள் தேங்காய், கற்பூரம், தேசிக்காய் என்று நாங்கள் சொல்லும் எலுமிச்சை.

“இறங்கு பிள்ளை. வாகனத்துக்கு நாள் பாத்திருக்கிறன். இண்டைக்கு நல்ல நேரம் இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு. நாளைக்கு அட்டமி, அங்காலை நவமி. பிறகு நீங்கள் வெளிக்கிடுற நாள் மட்டும் ஒரு நாளும் சரியில்லை.”

இவர் கீழேயிருந்து எழும்பி வந்தார். “அண்ணை, இன்னும் பிரேக்கிலை எயர் எடுக்கேல்லை. கைப்பிரேக்கும் கழட்டிக் கிடக்கு. கட்டையிலைதான் நிக்குது.”

“ஓடச் சொன்னனானே? தேசிக்காய்க்கு மேலை ஒருக்கா உருட்டிறது. உருட்டிறதுக்கு என்னத்துக்கடா பிரேக்?”

அடுத்த வீட்டுக்காரன் காருக்கு வழிவிடச் சொல்லியிருந்தாலும் இவர் அந்த வண்டியை அசைத்திருக்க மாட்டார். தெருவில் நெருப்புப் பிடித்திருந்தாலும் அசைத்திருக்க மாட்டார். நல்ல நேரம் முடியப்போகிறது என்றதும் அசைத்தார். அவர் என்ன, எங்கள் சனத்தில் யார் மாட்டேன் என்றிருப்பான்? இவ்வளவு பாடுபட்டுச் செய்த வண்டியை, நாள் தப்பவிட்டு, அட்டமியில் உருட்டிக்கொண்டு பிள்ளையின் சடங்குக்குப் போவதா? நானுமே ஓடிப்போய்க் கற்பூரத் தட்டைக் கொண்டுவந்தேன்.

தமையன் நாலு தேசிக்காய் கொண்டுவந்திருந்தார். “சில்லு ஆறு அண்ணை” என்றார் இவர். “சோடிக்கு ஒண்டு காணும்” என்றார் அவர். தேங்காயை அவர்தான் உடைத்தார். வீட்டுக்கு மூத்தவர் என்று சாரதி ஆசனத்திலும் அவரே ஏறினார். இவர் கை பிசைந்துகொண்டு நின்றார். பிறகு ஒரு பெரிய மரக்கட்டையைத் தூக்கிக்கொண்டு முன்சில்லுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார்.

“அரை உருட்டுத்தான் அண்ணை. உருண்ட உடனை நான் கட்டையை வைக்கிறன்.”

சில்லுகளுக்குக் கீழே இருந்த கட்டைகளை எடுத்தோம். கியர் ஒன்றுதான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. தமையன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முருகா என்று சொல்லி, கியரைத் தள்ளினார். வண்டி மெல்ல அசைந்தது. தேசிக்காய்கள் நசிந்த மணம் வந்தது. இவர் கட்டையை வைத்தார். சரிவில் அந்தப் பாரத்துக்கு அந்தக் கட்டை எந்த மூலைக்கு? சில்லு அதில் ஏறி, கட்டையை உதைத்து எறிந்துவிட்டு இறங்கியது. இறங்கின இடத்தில் இவருடைய இடது பாதம் இருந்தது.

அவர் கத்தினதை நான் இங்கே எழுதப்போவதில்லை. வண்டி தெருவைக் கடந்து எதிர்வீட்டு மேப்பிள் மரத்தில் மூக்கை இடித்து நின்றது. தமையன் ஒரு கீறலும் இல்லாமல் கதவைத் திறந்து இறங்கினார். தெருவுக்கு நடுவில் நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

“டேய், பிரேக் பிடிக்கேல்லையே!”

அம்புலன்ஸ் வந்தது. அவரை ஏற்றும்போது நான் திரும்பிப் பார்த்தேன். டிரைவேயில் தேசிக்காய் நாலும் ஒழுங்காக நசிந்து கிடந்தன. சடங்கில் ஒரு குறையும் இல்லை.

பாதத்தில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்ச எலும்புகளுக்கு ஆணி வைத்து முழங்கால்வரை பிளாஸ்ரர் போட்டார்கள். மொன்றியல் போகவேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. தமையன் பெரிய மனசு காட்டினார். தன் காரிலேயே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். பின் சீற்றில் கதவோடு கதவாக இவர் காலை நீட்டியிருக்க, மூலையில் நான் ஒடுங்கியிருந்தேன். 401 நெடுகத் தமையன் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். கோப்பிக்கு நின்ற இடங்களில், கண்ட தமிழ்ச் சனத்துக்கெல்லாம் சொன்னார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் வீரனானார், பிரேக் இன்னும் கொஞ்சம் மோசமானது. மண்டபத்துக்குப் போனதும் குற்றம் என் தலைக்கு மாறியிருந்தது.

“இவளுக்குக் கருநாக்கு. முதல் நாளே காலிலை ஊனம் எண்டு சொன்னவளாம்” என்று சனம் கதைத்தது.

பெட்டை நீட்டுக் காரில் வந்து இறங்கினாள். தமையன்தான் ஒழுங்கு செய்திருந்தார். தேங்காயையும் அவர்தான் உடைத்தார். இரண்டு ஊன்றுகோலில் நிற்பவன் தேங்காய் உடைப்பது அழகில்லையாம், வீடியோவில் விழுமாம். உடைத்துவிட்டுக் கமராவைப் பார்த்து மீசையை நீவிக்கொண்டார். வண்டி மொன்றியல் வரவில்லைத்தானே, அவர் மீசைக்கு என்ன குறை?

இவருடைய காலில் யாரும் இடறாத இடம் தேடி, மணவறைக்குப் பின்னால், சோடனைச் சீலைக்கு அந்தப் பக்கம் இவரைக் கதிரையில் இருத்தினேன். காலுக்கு இன்னொரு கதிரை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சீலைக்கு மற்றப் பக்கத்தில் பெட்டையின் குரல் கேட்டது. பள்ளிக்கூடச் சிநேகிதிகளோடு நின்று ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தாள். அந்த மாமாவின் காலுக்கு என்ன நடந்தது என்று ஒருத்தி கேட்டாள். இவள் சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னாள்: என்னைக் கூட்டிவருவதற்கு ஒரு பழைய குப்பை வண்டியை வருசக்கணக்காகத் திருத்திக்கொண்டிருந்தார். நல்லகாலம், அது போய் மரத்தில் இடித்தது. அதிலே வந்து எல்லாருக்கும் முன்னால் இறங்கியிருந்தால் நான் செத்தே போயிருப்பேன். எல்லாப் பெட்டைகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவளில் எனக்குக் கோபம் இல்லை. பதின்மூன்று வயது. அந்த வயதில் வெட்கம் முதலில் முளைக்கும், இரக்கம் பிறகுதான் முளைக்கும். ஆனால் சீலையை விலக்கிக்கொண்டு போய் அந்தப் பதக்கமும் நெற்றிச்சுட்டியும் ஆட ஆட ஒரு அறை விடவேண்டும்போல இருந்தது.

இவர் பிளாஸ்ரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை என்ன சொல்லுறாள் எண்டு விளங்கினதே உமக்கு?”

“எனக்கெங்கை உந்த இங்கிலிஷ்?”

“மாமான்ர வண்டியிலை வரக் கிடைக்கேல்லையே எண்டு சிநேகிதப் பிள்ளையளுக்குச் சொல்லிக் கவலைப்படுறாள்.”

முகத்தில் அதே சிரிப்பு.  

“ஓமோ? பாவம்” என்றேன்.

ரொறன்ரோவுக்கு வந்தபின் பல நாள் அவர் வண்டிப் பக்கம் போகவில்லை. அதை இழுத்துக்கொண்டுவந்து பழையபடி டிரைவேயில் கட்டை வைத்து நிறுத்தியிருந்தார்கள். மூக்கு மட்டும் நெளிந்திருந்தது. அவர் போட்ட அக்சிலுக்கும் சில்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, நான் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்க, வந்து கூப்பிட்டார்.

“இஞ்சேரும், ஒருக்கா வந்து பெடலை அமத்தும்.”

இனி எங்கே போகப்போகிறோம் என்று நான் கேட்கவில்லை. கை துடைத்துவிட்டுப் போய் ஏறினேன். அவர் ஊன்றுகோல்களைச் சில்லோடு சாய்த்துவிட்டு, சட்டை அழுக்காகும் என்றும் பாராமல் நிலத்தில் அமர்ந்து, முதுகால் நகர்ந்து நகர்ந்து கீழே போனார். பிளாஸ்ரர் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“அமத்தும்.”

அமத்தினேன். பெடல் தடுப்பே இல்லாமல் அடிவரை போனது.

“பிடியும்.” கீழே காற்றுச் சீறி எண்ணெய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. ஆணியைப் பூட்டினார். “விடும்.”

ஒவ்வொரு சில்லாக வந்தோம். அமத்தும், பிடியும், விடும். எங்கள் கலியாணத்தில் நாங்கள் சண்டை இல்லாமல் அவ்வளவு நேரம் கதைத்தது அன்றைக்குத்தான் இருக்கவேண்டும். என் காலுக்குக் கீழே பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து இறுகிக்கொண்டு வந்தது. கடைசிச் சில்லில் கல்லு மாதிரி நின்றது. எவ்வளவு மிதித்தாலும் அசையவில்லை. மலைச்சரிவிலும் நிற்கும்போல இருந்தது.

“இறுகியிட்டுதே?” என்று கேட்டார்.

“ஓம். நல்லா இறுகியிட்டுது.”

ஆணியைப் பூட்டும் சத்தம் கேட்டது. ஸ்பனரை நிலத்தில் வைக்கும் சத்தமும் கேட்டது. அவர் வெளியே வரவில்லை. “விடும்” என்று சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்தில், வெளியே நீட்டியிருந்த அந்தப் பிளாஸ்ரர் கால் குலுங்கத் தொடங்கியது. சத்தம் வராமல் அழத் தெரியாத மனுசர், வாயில் எதையோ கடித்துக்கொண்டிருந்திருப்பார்.

நான் இறங்கிப் போகவில்லை. போனால் அவர் சிரிப்பார். கால் உளைய உளைய, அவர் விடச் சொல்லும்வரை, நான் பெடலை அமத்திக்கொண்டே இருந்தேன்.